மாம்புரிப் பாதை: அன்றும் இன்றும்

பாலாவிச் சந்தியில் கொழும்பு–புத்தளம் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பும் பாதை, சுமார் 40 கிலோமீற்றர் ஓடிக் கற்பிட்டியில் முடிகிறது. முதலில் உப்பளங்கள் வரும். பிறகு தென்னந்தோட்டம், வெங்காயப் பாத்தி, பனை, மறுபடி பாத்தி. வலக்கைப் பக்கம் எங்கோ களப்பு இருக்கிறது. இடக்கைப் பக்கம் எங்கோ கடல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தின் கடலோர ஊர்களில் ஒன்று மாம்புரி. கொழும்பில் விடியக் காரெடுத்தால் பகல் சாப்பாட்டுக்கு முன் அங்கே இறங்கிவிடலாம். ஆனால் இறங்குபவர்கள் மிகக் குறைவு. வண்டிகள் கற்பிட்டியின் கடற்கரை விடுதிகளை நோக்கியோ, தலவில அன்னம்மாள் திருத்தலத்தை நோக்கியோ ஒரே ஓட்டமாய் ஓடிவிடுகின்றன. மாம்புரி என்பது அவற்றில் போகிறவர்களுக்குக் கண்ணாடிக்கு வெளியே கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை.

இந்தப் பாதையை மனிதர்கள் எப்படியெல்லாம் கடந்திருக்கிறார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஊரை மாற்றியதில் ஊருக்கு வரும் விதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அன்று ஆறுதலாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. இன்று ஆறுதலாகப் போவதா, விரைந்து போவதா என்பது பயணியின் கையில் இருக்கிறது. அந்தத் தெரிவு பயணியின் மனநிறைவோடு மட்டும் நிற்பதல்ல. பாதையோரத்தில் வாழும் குடும்பங்களின் வருமானத்தையும் அது தீர்மானிக்கிறது.

பல்லக்கும் வள்ளமும்

இந்தக் கரையில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பயணக் குறிப்புகளில் ஒன்று இபின் பதூதாவுடையது. 1344ஆம் ஆண்டு அவர் வந்திறங்கிய ‘பத்தாளா’ புத்தளம்தான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. மலையிலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததை அவர் எழுதியிருக்கிறார். பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டபோது, அரசன் ஆரியச் சக்கரவர்த்தி ஒரு பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்தார். யோகிகள் நான்கு பேர், பிராமணர் மூவர், அரசனின் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு சிறு கூட்டமே கூடச் சென்றது. ஒரு பயணிக்காக அத்தனை பேர் நடந்தார்கள். வழியிலுள்ள ஊர்கள் அனைத்தையும் அந்தக் கூட்டம் நடைவேகத்தில்தான் கண்டிருக்கும்.

மணல்முனைக்குள் போய்வர அன்று நிலவழியைவிட நீர்வழியே வசதி. புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் நடுவே 300 சதுர கிலோமீற்றருக்கும் மேல் பரந்து கிடக்கும் களப்பில் பாய்விரித்த வள்ளங்கள் ஓடின. அந்தக் களப்பின் வாயைக் காவல் செய்யத்தான் ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676 வரை கற்பிட்டிக் கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் காலத்திலும் பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் வெட்டப்பட்ட கால்வாய்கள், கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் வரைக்கும் ஒரு நீர்ப்பாதையைத் திறந்தன. சரக்கும் ஆட்களும் அதில் மிதந்து வந்தார்கள். காற்று வாக்காக இருந்தால் வள்ளம் ஓடும்; இல்லையென்றால் கரையில் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த மண்ணிலேயே பிறந்த ஒருவர்தான் இலங்கையின் ஊர்களை முதன்முதலில் விரிவாகத் தொகுத்து எழுதினார் என்பது இங்குள்ளவர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ நூலை வெளியிட்டார். ஊர், ஆறு, குளம், துறை என்று அகரவரிசையில் தீவு முழுவதையும் அடுக்கிய நூல் அது. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் சொல்லும் ‘தமிழ் புளூட்டார்க்’ 1859இல் வந்தது, அதுவும் அவருடையதே. ரயிலும் மோட்டாரும் இல்லாத நாட்டில் ஊர்களை இப்படி ஒன்றும் விடாமல் எழுத முடிந்ததற்கு அவருடைய உழைப்பு ஒரு காரணம் என்றால், ஒவ்வொரு ஊரிலும் தங்கித் தங்கிப் போக வேண்டியிருந்த அந்தக் காலமும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

வண்டி, ரயில், பஸ்

நிலவழியில் மாட்டுவண்டியும் பொதிமாடும் இருந்தன. புத்தளத்து உப்பு மாடுகளின் முதுகில் ஏறித் தவளமாக உள்நாட்டுக்குப் போயிற்று. இன்றும் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தெருவில் திரியும் கழுதைகள், பொதிசுமந்த அந்தக் காலத்தின் மிச்சம்.

தலவிலத் திருவிழாக்கள்தான் இந்தப் பாதையில் பெரும் கூட்டத்தைக் கொண்டுவந்தவை. மார்ச்சிலும், ஜூலை கடைசி, ஓகஸ்ட் தொடக்கத்திலுமாக ஆண்டுக்கு இரு தடவை திருவிழா. அந்தத் தலத்தின் கதையே ஒரு நடைப்பயணக் கதைதான். பிழைப்புத் தேடி மன்னாரிலிருந்து கொழும்பை நோக்கி நடந்த ஓர் ஏழைப் போர்த்துக்கேயர், களைத்துப்போய் மரத்தடியில் உறங்கியபோது அன்னம்மாளின் சுருபத்தைக் கனவில் கண்டார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் கூடாரவண்டி கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களும் அப்படியே மரத்தடிகளில் தங்கின. மாட்டை அவிழ்த்துக் கட்ட நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், அடுப்பெரிக்க விறகு வேண்டும். ஆகவே வழியிலுள்ள ஊர்க்காரரோடு பேசாமல் ஒரு பயணமும் முடியாது. கிணறு யாருடையது, அவருடைய பிள்ளை எங்கே கட்டியிருக்கிறது என்பது வரை பேச்சு நீளும். அடுத்த வருடம் அதே வளவில் அதே வண்டி அவிழும்.

1926இல் புத்தளம் வரை ரயில் வந்தது. பாலாவியிலும் நின்றது. மணல்முனைக்குள் தண்டவாளம் நுழையவில்லை. பஸ்தான் நுழைந்தது. 1958ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ்கள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அதற்குப் பின் வந்த சிவப்பு பஸ் மாம்புரி மக்களின் வாழ்க்கையில் பெரிய மாற்றம். மீன்கூடையும் வெங்காய மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் மெதுவாகத்தான் போனது. ஆனால் எங்கே மெதுவாகப் போவது, எங்கே நிற்பது என்பதைப் பயணி தீர்மானிக்க முடியாது.

அந்தக் காலத்தின் ஆறுதலைப் புகழ்ந்து பாடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அது யாரும் விரும்பி எடுத்த ஆறுதல் அல்ல. பிரசவ வலி கண்ட பெண்ணை வண்டியில் கிடத்திப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன குடும்பத்துக்கு அந்த மணல்பாதையின் ஒவ்வொரு கட்டையும் வேதனை. பிடித்த மீன் கெட்டுப்போகுமுன் சந்தைக்குப் போய்ச் சேராது; அதனால்தான் இந்தக் கரையில் கருவாடு போடுவது இவ்வளவு பெரிய தொழிலாக வளர்ந்தது. தார்ப்பாதையை ஊர் கேட்டது. கேட்டதில் நியாயம் இருந்தது.

ஓடிவந்தவர்களின் பாதை

1990 ஒக்டோபர் கடைசியில் இந்த மணல்முனை கண்ட பயணம் வேறுவகை. விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசல் இழந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. ஆலங்குடா, நுரைச்சோலைப் பக்கமெல்லாம் முகாம்கள் நிறைந்தன. ஏற்கெனவே தண்ணீரும் காணியும் அளவாக இருந்த ஊர்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தன. வந்தவர்களில் பலர் தோட்டக் கூலிகளாகத் தொடங்கி, பின் தாங்களே பயிர் செய்பவர்கள் ஆனார்கள்.

யுத்தம் முடியும் வரை வழிநெடுகச் சோதனைச் சாவடிகள் இருந்தன. அடையாள அட்டை காட்டாமல் தாண்ட முடியாது. உல்லாசமாக யாரும் இந்தப் பக்கம் கார் ஓட்டி வரவில்லை.

காற்றின் காலம்

2009இல் யுத்தம் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நடந்த மாற்றம், அதற்கு முந்தைய நூறாண்டில் நடந்ததைவிட அதிகம். 2010இல் மாம்புரிக் கடலோரத்தில் தனியார் காற்றாலைப் பண்ணை ஓடத் தொடங்கியது; முதல் கட்டத்தின் திறன் 10 மெகாவாற். 2011இல் அயலிலுள்ள நுரைச்சோலையில் லக்விஜய நிலக்கரி மின்நிலையத்தின் முதல் அலகு இயங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாற் ஆயிற்று. நாட்டின் மின்சாரத்தில் பெரியதொரு பங்கு இந்த மணலிலிருந்துதான் போகிறது. பாதை அகன்றது. வான்கள் வந்தன.

காற்றை எடுத்துக்கொண்டால் மாற்றத்தின் அளவு விளங்கும். சோளகம் எழும்பினால் இந்தக் கரை மீனவருக்கு வருமானம் குறையும். கடல் கொந்தளிக்கும், வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வலை பொத்திக்கொண்டிருப்பார்கள், அல்லது வேறு கரையில் வாடி போடப் போவார்கள். அந்தச் சோளகத்தைத் தேடித்தான் இன்று மே முதல் ஒக்டோபர் வரை, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் வெளிநாட்டு இளைஞர்கள் கற்பிட்டிக்கு வருகிறார்கள். காற்றாலைகள் சுழல்வதும் அதே காற்றில்தான். வாடைப் பருவத்தில் கடல் அடங்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஓங்கில் கூட்டங்களைப் பார்க்க ஆலங்குடாவிலிருந்து படகுகள் புறப்படும். முன்பு ஊருக்கு ஒரு பருவம் உழைப்பு, ஒரு பருவம் பட்டினி. இன்று இரண்டு பருவத்திலும் பணம் வருகிறது. எந்தக் கைக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

வயலிலும் அப்படியே. துலா மிதித்து இறைத்த கிணறுகளில் இயந்திரம் பூட்டினார்கள். இப்போது தெளிப்பான்கள் பாத்திகளின் மேல் மழைபோலத் தூவுகின்றன. புகையிலையும் மிளகாயும் இருந்த மண்ணில் சின்ன வெங்காயமும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. லொறி ஏற்றினால் ஒரே இரவில் தம்புள்ளைச் சந்தை. கூடவே, அளவுக்கு மீறி இட்ட உரத்தால் இந்த மணலின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று சேர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கரைவலையில் ஆட்கள் வரிசையாய் நின்று அம்பாப் பாட்டுப் பாடி இழுத்த இடத்தில், பல கரைகளில் உழவு இயந்திரம் இழுக்கிறது. இவையெல்லாம் பாதையிலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை. விரைந்து ஓடும் காரிலிருந்து இவற்றில் எதுவும் கண்ணில் பதியாது.

யப்பானிலிருந்து வந்த வண்டி

இன்று இந்தப் பாதையில் ஓடும் கார்களிலும் வான்களிலும் மிகப் பல யப்பானில் ஓடிப் பழகி, பின் கப்பலேறி வந்தவை. டொயோட்டா ஹையேஸ், சுசுக்கி வாகன் ஆர், எவ்ரி என்று பெயர் சொல்லாத வீதி இலங்கையில் இல்லை. வண்டியை வாங்கிய நாம், அந்த நாட்டார் தங்கள் கிராமத்துப் பாதைகளில் செய்துவைத்திருக்கும் ஓர் ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும்.

எடோவிலிருந்து கியோத்தோவுக்கு மலைவழியாகப் போன நக்கசென்டோ என்ற பழைய நெடும்பாதையில் 69 தங்குமிட ஊர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று சுமாகோ. 1911இல் அந்தப் பள்ளத்தாக்கில் ரயில் வந்தபோது சுமாகோவுக்கு வழிப்போக்கர் வரவு நின்று ஊர் நொடித்தது. 1971இல் ஊர்மக்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தார்கள்: வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. பகலில் ஊரின் பழைய தெருவுக்குள் கார் நுழையத் தடை. வண்டியை வெளியே விட்டுவிட்டு நடந்துதான் போக வேண்டும். அப்படியும் மக்கள் வருகிறார்கள், அதற்காகவே வருகிறார்கள்.

அதைவிட நமக்கு நேரடியாகப் பயன்படுவது ‘மிச்சி நோ எக்கி’ என்ற வழித்தங்கல் நிலையங்கள். 1993இல் அந்நாட்டு அரசு முதல் 103 நிலையங்களைப் பதிவு செய்தது. இன்று 1,200க்கும் மேல். பெரும்பாலும் கிராமத்துச் சாலையோரங்களில் இருக்கின்றன. காசு கேட்காத வாகனத் தரிப்பிடம், எந்நேரமும் திறந்த கழிவறை, பாதையைப் பற்றிய தகவல், அந்த ஊர் விவசாயி தானே கொண்டுவந்து வைக்கும் காய்கறி, அந்த ஊர்ச் சமையல். காரில் போகிறவருக்கு நிற்க ஒரு காரணம் கொடுத்துவிட்டார்கள். நின்றவரின் பணம் அந்த ஊரிலேயே இறங்குகிறது.

ஆறுதலாகப் போவது எப்படி

சொந்தக் காரோ ஹயர் வானோ, இந்தப் பாதைக்கு ஒரு முழு நாளைக் கொடுக்க வேண்டும். ஹயர் பேசும்போதே அதைத் தீர்மானிப்பது நல்லது. கிலோமீற்றர் கணக்கில் கூலி பேசினால், நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் சாரதிக்கு நட்டம். அவர் விரைந்து ஓட்டுவதில் தவறில்லை. நாள்கூலியாகப் பேசி, காத்திருக்கும் நேரத்துக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தால் அவரும் பயணத்தில் சேர்ந்துவிடுவார். எந்தக் கடையில் தேத்தண்ணி நன்றாக இருக்கும், எந்த ஒழுங்கையில் இறங்கினால் கடல் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பாலாவி உப்பளங்களை வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் உப்பு வாரிக் குவிப்பதை வரம்போரம் நின்று பார்க்கலாம். அங்கிருந்து மாம்புரி வரை கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால், ஈர மண்ணும் கருவாடும் மாறி மாறி மணக்கும். வேலிக்கப்பால் தெளிப்பான் சுழன்றால் ஓரமாக நிறுத்தி, தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போகலாம். கடை வைத்திருக்கும் பெண்ணிடம், “ராத்தா, வெங்காயம் கிலோ என்ன விலை?” என்று கேட்டால், “எடுத்துப் பாருங்க மகன், காலையிலதான் கிண்டினது” என்று பதில் வரும். விலையைப் பற்றிய பேச்சு விளைச்சலைப் பற்றியதாகவும், தண்ணீரைப் பற்றியதாகவும், வந்த ஊரைப் பற்றியதாகவும் விரியும். கூடாரவண்டிக்காரர் கிணற்றடியில் பேசியதும் இதைத்தான்.

மாம்புரியில் கடற்கரைக்கு இறங்க வேண்டும். வாடைப் பருவமென்றால் கரைவலை இழுப்பதைக் காணலாம். படம் பிடிக்குமுன் கேட்பது மரியாதை. அங்கே நின்று பார்த்தால் காற்றாலைகளும் நுரைச்சோலையின் புகைபோக்கியும் கடலில் வள்ளமும் ஒரே பார்வைக்குள் அடங்கும். நம் வீட்டு விளக்கு எரிவதற்கு யாருடைய கடற்கரை இடம் கொடுத்திருக்கிறது என்பதை அங்கே நிற்பவர் மறக்க மாட்டார். பிறகு தலவில. அங்கிருந்து கற்பிட்டிக் கோட்டை. அது கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலையில் களப்புப் பக்கம்.

இனி

2022இல் எரிபொருள் தட்டுப்பட்டபோது கார் ஒன்றுக்கு வாரம் 20 லீட்டர் என்று கியூஆர் அட்டையில் அளந்து கொடுத்தார்கள். கொழும்பிலிருந்து கற்பிட்டிக்குப் போய்வருவதென்றால் அந்தப் பங்கு பெரும்பாலும் தீர்ந்துபோகும். அந்த மாதங்களில் இந்தப் பாதை ஓய்ந்தது; பாதையை நம்பியிருந்த கடைகளும் படகுகளும் ஓய்ந்தன. பிறகு வண்டிகள் திரும்பின. 2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியும் 2025இல் மறுபடி தொடங்கியது. ஆகவே இன்னும் வண்டிகள் வரும்; இன்னும் வேகமாகவே வரும்.

அந்த வண்டிகளை நிற்கவைக்கப் பெரிய திட்டம் தேவையில்லை. மாம்புரியில் வீதியோரமாக ஐந்தாறு வண்டிகள் ஒதுங்கி நிற்க ஓர் இடம், நிழலுக்கு மரம், சுத்தமான கழிவறை, ஊர் மாதர் சங்கமும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்து நடத்தும் ஒரு கடை. இடியப்பமும் மீன்குழம்பும் இளநியும் கருவாடும் வெங்காயமும் போதும். பிரதேச சபை மனம்வைத்தால் ஒரு வரவுசெலவு ஆண்டுக்குள் முடியக்கூடிய வேலை இது. நிலமும் காற்றும் கடலும் கொடுத்த ஊருக்குக் கேட்க உரிமையுள்ள மிகச் சிறிய பங்கும் இதுவே.

பயணியின் பங்கு அதைவிடச் சிறியது. புறப்படும் நேரத்தை இரண்டு மணித்தியாலம் முன்தள்ளிவைத்து, கற்பிட்டியில் அறை பிடிக்கும்போதே வழியில் சாப்பிடும் ஊரையும் குறித்துக்கொள்ளலாம். நினைத்த இடத்தில் நிறுத்தும் சுதந்திரத்தைப் பல்லக்கும் வள்ளமும் பஸ்ஸும் தரவில்லை, கார் தருகிறது. அடுத்த முறை இந்தப் பக்கம் வருபவர்கள் அந்தச் சுதந்திரத்தை மாம்புரியில் பயன்படுத்தட்டும்.